சோப்பு எதைக் கழுவுகிறது?

குளியலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பொறுப்பதில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை இரண்டு முறை சோப்பு போட்டால்தான் குளித்த மாதிரி இருக்கும் என்பார் ஒருவர். அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் போட்டால் போதும், மீதிக்குத் தண்ணீரே தாராளம் என்பார் அடுத்தவர். அதெல்லாம் காக்காய்க் குளியல் என்று முதலாமவர் மடக்குவார். சோப்பைத் தொட்டே பல வருடம் ஆகிறது, தோல் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று மூன்றாமவர் வாயைத் திறந்ததும், அதுவரை சண்டை போட்ட இருவரும் ஒன்றுசேர்ந்து முகம் சுளிப்பார்கள்.

மூவரும் பேசுவது அவரவர் உடம்பைப் பற்றி. தீர்ப்பு சொல்வது மட்டும் எல்லா உடம்புக்கும். சோப்பு என்ன வேலை செய்கிறது, தோலில் அது எதைத் தொடுகிறது என்ற கேள்வி எழுவதே இல்லை. அது தெரிந்துவிட்டால் மூவர் சொல்வதிலும் எது சரி, எது தவறு என்று நாமே பிரித்துப் பார்த்துவிடலாம். அதற்கு வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. மூடி உள்ள ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும்.

## பாட்டிலுக்குள் நடப்பது

பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். ஒரு கணம் இரண்டும் கலந்த மாதிரி கலங்கி நிற்கும். கீழே வைத்ததும் எண்ணெய் துளித்துளியாக ஒன்றுகூடி மேலே ஏறும். கொஞ்ச நேரத்தில் பழையபடி தனி அடுக்காகிவிடும். எத்தனை முறை குலுக்கினாலும் இதே கதைதான்.

இப்போது அதில் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குங்கள். பாட்டில் முழுக்கப் பால்போல வெளுத்துவிடும். கீழே வைத்த பிறகும் எண்ணெய் சட்டென்று பிரிந்து மேலே வராது. எண்ணெய் எங்கும் மறைந்துவிடவில்லை. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத அளவுக்குப் பொடித் துளிகளாக உடைந்து தண்ணீருக்குள்ளேயே மிதந்துகொண்டிருக்கிறது. பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீரோடு அதுவும் கொட்டிவிடும்.

குளியலறையில் நடப்பதும் இதுதான். உடம்பில் சேரும் அழுக்கில் ஒரு பகுதி தண்ணீருக்குக் கட்டுப்படும்: வியர்வை உப்பு, மேலோட்டமாகப் படிந்த தூசி போன்றவை. இன்னொரு பகுதி கட்டுப்படாது: தோலில் சுரக்கும் எண்ணெய், அந்த எண்ணெயில் சிக்கிக்கொண்ட புகைக்கரி, உதிர வேண்டிய தோல் துகள்கள், பூசிய கிரீம். சோப்பு தேவைப்படுவது இந்த இரண்டாவது பகுதிக்குத்தான்.

## தலையும் வாலும்

தாவர எண்ணெயையோ விலங்குக் கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் சேர்த்தால் கட்டிச் சோப்பு; பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் குழைவான சோப்பு, திரவ சோப்பு. மனிதர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த வேலை இது. ஆனால் அந்தக் கொப்பரைக்குள் கொழுப்புக்கு என்ன ஆகிறது என்பதை வேதியியலாகப் பிரித்துக் காட்டியவர் பிரான்ஸின் மிஷெல் யூஜின் ஷெவ்ரல். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

எண்ணெயை எடுக்கும் பொருளை எண்ணெயிலிருந்தே செய்கிறோம் என்பதைக் கவனியுங்கள். சோப்பின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. ஒரு பொருளின் தன்மை மாறாத மிகச் சிறிய அலகை மூலக்கூறு என்கிறோம். சோப்பின் மூலக்கூறு பார்க்கத் தலைப்பிரட்டை மாதிரி: சின்னத் தலை, நீண்ட வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வால் கொழுப்பிலிருந்து வந்தது, அதற்கு எண்ணெய்தான் பிடிக்கும். தோலில் ஓர் எண்ணெய்த் துளி இருந்தால், சோப்பு மூலக்கூறுகள் நாலாபுறமும் சூழ்ந்து வாலை எண்ணெய்க்குள் செருகிக்கொள்ளும். தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கும். வெளியிலிருந்து பார்க்கும் தண்ணீருக்கு அது இப்போது எண்ணெய் அல்ல, தனக்குப் பிடித்த தலைகளால் மூடிய ஓர் உருண்டை. இந்த உருண்டைக்கு மைசெல் என்று பெயர். தேய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது மைசெல்கள் கும்பலாக அடித்துக்கொண்டு போகின்றன.

இதிலேயே இரண்டு நம்பிக்கைகள் ஆட்டம் கண்டுவிடுகின்றன. நுரை நிறைய வந்தால் அழுக்கு நிறையப் போகும் என்பது முதலாவது. நுரை என்பது சோப்புத் தண்ணீரில் சிக்கிய காற்று, அவ்வளவே. நுரை குறைவாக வரும் சோப்பும் எண்ணெயை நன்றாகவே எடுக்கும். நுரை பொங்குவதற்காகவே சில பொருள்களைச் சேர்ப்பதும் உண்டு.

இரண்டாவது, சோப்பு கிருமிகளைக் கொல்கிறது என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. கொரோனா வைரஸ், ஃப்ளூ வைரஸ் போன்றவை கொழுப்பாலான உறை போர்த்தியவை. சோப்பின் வால் அந்த உறைக்குள் நுழைந்து அதைப் பிய்த்துவிடும், வைரஸ் செயலிழந்துவிடும். உறை இல்லாத வைரஸ்களிடமும் பல பாக்டீரியாக்களிடமும் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. அங்கே சோப்பின் வேலை, பிடி தளர்த்தித் தண்ணீரோடு அனுப்பிவைப்பது. நடைமுறையில் அதுவே பெரிய உதவி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிவிடுவோம். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவே தரகர் வேலை பார்க்கிறது சோப்பு. எண்ணெயும் எண்ணெயில் ஒட்டியவையும் போக வேண்டிய இடத்தில் அதற்கு வேலை உண்டு. எண்ணெயே இல்லாத இடத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்தது.

## தோல் என்ற செங்கல் சுவர்

ஒரு செங்கல் சுவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோலின் மேற்புறம் கிட்டத்தட்ட அதே கட்டுமானம்தான். செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் இறந்து தட்டையாகிப்போன செல்கள், பெரும்பாலான இடங்களில் 15 முதல் 20 வரிசை. செங்கற்களுக்கு நடுவே இருக்கும் சாந்து, கொழுப்புப் பொருள்களால் ஆனது. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக இந்தச் சுவரின் கனம் ஏறக்குறைய 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர். நாம் எழுதும் தாளைவிடப் பல மடங்கு மெல்லியது. இதைத் தோல் அரண் என்று சொல்வார்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் பிடித்துவைப்பதும், வெளியே இருக்கும் கிருமியும் எரிச்சலூட்டும் பொருளும் உள்ளே வராமல் தடுப்பதும் இதன் காவல்.

சோப்பின் வாலுக்குக் கொழுப்பு என்றால் கொழுப்புதான். இது வெளியிலிருந்து ஒட்டிய பிசுக்கு, இது சுவரின் சாந்து என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அதற்குக் கிடையாது. பிசுக்கு இருந்தால் முதலில் அதில் செலவாகும். பிசுக்கு தீர்ந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தால், அல்லது பிசுக்கே இல்லாத இடத்தில் போட்டால், அது சாந்தைக் கரைக்கத் தொடங்கும். கொஞ்சம் செங்கற்களோடும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிய பிறகும் முழுக்க விடாது. குளித்துவிட்டு வந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கிறதே, விரலால் தேய்த்தால் கீச்சென்று ஒலிக்கிறதே, அதைச் சுத்தத்தின் அடையாளமாகப் பலர் நினைக்கிறோம். தோல் இழுப்பது, ஈரம் வழக்கத்தைவிட வேகமாக வெளியேறிக்கொண்டிருப்பதன் அறிகுறி.

காரத்தன்மையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பொருள் அமிலமா காரமா என்பதை அளக்கும் அளவுகோல் பிஹெச். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். நலமான தோல் 5ஐ ஒட்டி, லேசான அமிலமாக இருக்கும். சாதாரணச் சோப்பு 9 முதல் 10 வரை. குறைந்தபட்சமாகப் பார்த்தாலும் பத்தாயிரம் மடங்கு இடைவெளி! தோல் அமிலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சாந்தை உற்பத்தி செய்யும் நொதிகள் அந்த நிலையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். தோலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் அது தோதானது. நலமான தோல் சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பலவீனமான தோலுக்கு அதிக நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த குளியல் வந்துவிட்டால் தோல் தேறவே வாய்ப்பில்லாமல் போகிறது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது என் அம்மாவின் கால்கள். எழுபதைத் தாண்டிய பிறகு முழங்காலுக்குக் கீழே அவருக்கு ஓயாத அரிப்பு. நகத்தால் இழுத்தால் சாக்பீஸில் கோடு போட்டதுபோல வெள்ளைவெள்ளையாகத் தெரியும். தோல் மீன் செதில்போல் வெடித்து, அங்கங்கே ரத்தப் பொட்டுகள். அழுக்கு சரியாகப் போகவில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். மருந்துச் சோப்பு வாங்கினோம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்துக் கொடுத்தோம். நாரால் நானே உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். அரிப்பு கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் பார்த்த தோல் மருத்துவர், மருந்துச் சீட்டை எடுக்கும் முன் கேட்டது இரண்டே கேள்வி: "என்ன சோப்பு? தண்ணீர் எவ்வளவு சூடு?" காலுக்குச் சோப்பே வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும், துடைத்த ஈரம் காயும் முன்பே மாய்ச்சரைசர் தடவுங்கள் என்றார். மூன்றாவது வாரம் அம்மா ராத்திரியில் சொறியாமல் தூங்கினார். அன்போடுதான் தேய்த்தேன். ஆனால் நான் தேய்த்து எடுத்தது அழுக்கை இல்லை, அவருக்கு மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச சாந்தை.

ஆக, சோப்பு போட்டால் தோலின் சொந்தக் கொழுப்பும் கொஞ்சம் போகும். எண்ணெய் நிறையச் சுரக்கும் தோலுக்கு அது பெரிய இழப்பில்லை. வறண்ட தோலுக்குப் பெரிய இழப்பு. சூடான தண்ணீரும் நீண்ட குளியலும் அந்த இழப்பைக் கூட்டும்.

## உடம்பு முழுக்க ஒரே மண் இல்லை

வாக்குவாதங்களில் எல்லோரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். சோப்பு போடணுமா வேண்டாமா என்று மொத்த உடம்பையும் ஒரே வயலாக எண்ணிப் பேசுகிறோம். ஓர் அடி தள்ளினாலே மண் மாறிவிடுகிறது.

தோலில் மூன்று வகைச் சுரப்பிகள் உண்டு. முதலாவது சாதாரண வியர்வைச் சுரப்பி, உடம்பு முழுக்க 20 முதல் 40 லட்சம். இது விடுவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். வரும்போது வாடையே இருக்காது. உடலைக் குளிர்விப்பதுதான் இதன் வேலை. இரண்டாவது எண்ணெய்ச் சுரப்பி. முகம், உச்சந்தலை, மார்பு, முதுகின் மேற்பகுதி ஆகிய இடங்களில் நெருக்கமாக இருக்கும். கை கால்களில் குறைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கிடையவே கிடையாது. மூன்றாவது வகைதான் வாடைக்குக் காரணமான விசேஷ வியர்வைச் சுரப்பி. அக்குளிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் இருக்கும் இது, பருவம் எட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதனால்தான் ஓடியாடி நனைந்து வரும் சின்னக் குழந்தையின் அக்குளில் அந்த நெடி அடிப்பதில்லை.

இந்த மூன்றாவது சுரப்பிகூட நாறுவதில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது விடும் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தை அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்துத் தின்கின்றன. அந்தச் சமையலில் மிஞ்சும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் நாம் கற்றாழை நாற்றம் என்று மூக்கைப் பிடிக்கும் நெடி. காற்றோட்டமில்லாத, ஈரமான மடிப்பு என்பதால் அக்குள் பாக்டீரியாக்களுக்கு வசதியான வீடு. முன்கை அப்படியில்லை. காற்று படுகிறது, காய்ந்துவிடுகிறது, தின்னவும் அதிகம் இல்லை.

வாடை ஆளுக்கு ஆள் மாறுவதற்குப் பிறவிக் காரணமும் இருக்கிறது. ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வகையை அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு அக்குள் நாற்றம் மிகக் குறைவு. காதுக் குறும்பியும் ஈரமில்லாமல் பொடியாக இருக்கும். கிழக்கு ஆசியாவில் பெரும்பாலானோர் இப்படிப்பட்டவர்கள். அப்படி ஒருவர் "எனக்கு அக்குளுக்குக்கூடச் சோப்பு தேவைப்படுவதில்லை" என்றால் பொய்யென்று தள்ளவும் முடியாது, அதைக் கேட்டு நாம் பின்பற்றவும் முடியாது.

முழு உடம்புக்கும் இரண்டு முறை சோப்பு கேட்ட முதலாமவர், எண்ணெய்த் தோலோடு, வியர்வை சொட்ட வேலை பார்த்து, கிரீஸும் கரியும் படிந்து வீடு திரும்புகிறவராக இருக்கலாம். அவருக்கு அது நியாயம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வறண்ட தோல்காரரின் முழங்காலுக்கு அதே நியாயம் பொருந்தாது. என்னைக் கேட்டால் அன்றாடம் சோப்பு போட வேண்டிய இடங்களாக அக்குள், தொடை இடுக்கு, பிட்டப் பிளவு, பாதம் ஆகியவற்றைச் சொல்வேன். முகம் அதற்கேற்ற மென்மையான பொருளைக் கேட்கும். கைகளும் கால்களும் வயிறும், கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ பூசிய கிரீமோ இல்லாத நாளில், தண்ணீரிலும் வழிந்துவரும் நுரையிலும் திருப்தியாகிவிடும்.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குனிந்து தேய்க்காமல், மேலிருந்து வழியும் சோப்புத் தண்ணீரே போதும் என்று விடுகிறவர்கள் அதிகம். விரலிடுக்கு என்பது அக்குளைப் போலவே மூடிய, ஈரமான இடம். அங்கே விரலை விட்டுத் தேய்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, துண்டால் ஒவ்வோர் இடுக்கையும் துடைத்துக் காயவைக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தினமும் செய்வதோடு, பாதத்தில் சிறு புண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## கைகளுக்கு மட்டும் விவாதம் கிடையாது

இதுவரை சொன்னதை வைத்துக் கை கழுவுவதில் சிக்கனம் பிடித்துவிடாதீர்கள். உடம்பின் மற்ற பாகங்களைக் கழுவுவது பெரும்பாலும் நம் சௌகரியத்துக்கு. கையைக் கழுவுவது நம் உயிருக்கும் அடுத்தவர் உயிருக்கும்.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இதை எண்ணிக்கையிலேயே காட்டினார். பிணப் பரிசோதனை முடித்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் அங்கே பிரசவித்த பெண்களில் சுமார் 18 விழுக்காட்டினர் இறந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்திய பிறகு, ஜூன், ஜூலையில் அது 1 முதல் 2 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. அவர் பயன்படுத்தியது சோப்பு இல்லை. ஆனால் நோயைச் சுமந்து போகும் வாகனம் கைதான் என்பதை அந்த எண்கள் காட்டின.

கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், சாப்பிடும் முன்பும், நோயாளியைத் தொட்ட பிறகும் சோப்பு போட்டு 20 விநாடியாவது தேயுங்கள். விரல் நுனி, நகக்கண், கட்டைவிரலைச் சுற்றி என்று எல்லா இடமும் படட்டும். தண்ணீர் சூடாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆல்கஹால் கலந்த சானிடைசர் அவசரத்துக்கு நல்லது. ஆனால் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் உறை இல்லாத வகை, அதனிடம் சானிடைசர் பலவீனம். அங்கே சோப்பும் தண்ணீரும்தான் கைகொடுக்கும்.

## தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொள்கிறவர் அழுக்கானவரா?

இல்லை என்றே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. தண்ணீரும் கையால் தேய்ப்பதும் வியர்வை உப்பையும் தூசியையும் உதிரும் செல்களையும் கணிசமாகக் கொண்டுபோய்விடும். வறண்ட, வாடை குறைந்த உடம்புக்குப் பெரும்பாலான இடங்களில் இதுவே போதும். எண்ணெய்ப் பிசுக்கும் அக்குள் நெடியும் உள்ளவருக்குப் போதாது. தன் வாடை தன் மூக்குக்குப் பழகிவிடும் என்பதால் இதில் நம் தீர்ப்பை மட்டும் நம்பக் கூடாது. கூச்சப்படாமல் உண்மை சொல்லும் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது.

சோப்பே வேண்டாம் என்பவர்கள் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சோப்பை நிறுத்தினால் தோல் "பழகி" எண்ணெய் சுரப்பதையே குறைத்துக்கொள்ளும் என்கிறார்கள். எண்ணெய்ச் சுரப்பியை ஆட்டிவைப்பது பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். பருவ வயதில் முகம் வழிவதும் முதுமையில் வறள்வதும் அதனால்தான். கழுவுவதை வைத்து அது கூட்டியும் குறைத்தும் கொள்வதில்லை. சோப்பை நிறுத்தியவருக்குத் தோல் மென்மையாவது உண்மையாக இருக்கலாம். கரைந்துகொண்டிருந்த சாந்து நிலைத்துவிட்டது, அதுதான் விளக்கம்.

எதிர்த்தரப்பின் வாதத்துக்கும் இதே கதி. தோலில் உள்ள பாக்டீரியாக்களை எல்லாம் ஒழித்தால்தான் சுத்தம் என்பவர்கள், அது நடக்கிற காரியமில்லை என்பதை அறிய வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் மயிர்க்கால்களுக்குள் இருப்பவை தப்பிக்கும், சில மணி நேரத்தில் மறுபடி குடியேறும். அவற்றில் பலவும் நமக்குக் காவல் நிற்பவை. இடத்தையும் இரையையும் அவை பிடித்துக்கொள்வதால் நோய்க்கிருமிக்கு இடம் கிடைப்பதில்லை.

## கட்டியில் என்ன இருக்கிறது

கடையில் சோப்பு என்று நாம் வாங்கும் எல்லாமே சோப்பு இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் கொழுப்புத் தட்டுப்பாட்டில் தவித்த ஜெர்மனியில், கொழுப்பும் காரமும் காய்ச்சாமலேயே சலவைக்கு ஒரு பொருள் செய்யத் தேடல் நடந்தது. தலையும் வாலும் கொண்ட மூலக்கூறுதானே வேண்டும், அதை வேறு வழியில் செய்தால் என்ன என்பதே யோசனை. இப்படித் தலையும் வாலும் உள்ள எல்லாப் பொருளுக்கும் பொதுப்பெயர் சர்ஃபாக்டன்ட். சோப்பு அதில் ஒரு வகை. 1950களில் இந்த மாற்றுப் பொருளால் ஆன குளியல் கட்டிகள் வந்தன. சின்டெட் என்று இவற்றைச் சொல்வார்கள். பிஹெச் அளவை நடுநிலைக்கோ தோலின் அளவுக்கோ கொண்டுவர முடிகிறது என்பதும், தோலைக் குறைவாக உறுத்தும் மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்பதும் இவற்றின் பலம். வறண்ட தோலோ, எக்ஸிமா என்ற அரிக்கும் தோல் அழற்சியோ உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் "சோப்பு இல்லாத சோப்பு" என்று எழுதித் தருவது இதைத்தான். பாடி வாஷ்களில் பெரும்பாலானவையும் இந்த வகையே. ஆனால் திரவம் என்பதாலேயே மென்மையானது என்று நம்பிவிடக் கூடாது, அவற்றிலும் முரடானவை உண்டு.

உப்புத் தண்ணீர் வரும் இடங்களில் இன்னொரு தொல்லை. அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசினாக மாறிவிடும். வாளியின் உட்புறத்திலும் தரையிலும் வெளுப்பாகப் படிவது அதுதான். தோலிலும் படியும். சின்டெட்டுக்கு இந்தக் குறை மிகக் குறைவு.

கிருமிநாசினிச் சோப்பு வாங்கினால் கூடுதல் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016 செப்டம்பரில் ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன் உட்பட 19 வேதிப்பொருள்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கத் தடை விதித்தது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும்விட இவை நோயைத் தடுப்பதில் மேலானவை என்றோ, நெடுநாள் தினசரிப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானவை என்றோ தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை என்பதே காரணம். மருத்துவர் குறிப்பிட்ட தேவைக்காகச் சொன்னால் அது வேறு.

## வயதுக்கு ஏற்ப

பிறந்த குழந்தையின் மேல் வெள்ளையாக ஒட்டியிருக்கும் பூச்சு அழுக்கு இல்லை. கருப்பைக்குள் தோலைக் காத்த படலம், வெளியே வந்த பிறகும் கொஞ்ச காலம் காக்கும். முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் உடல் சூடு இறங்கிவிடக் கூடாது என்பதும் அதற்குக் காரணம். அதன் பிறகும் பல மாதங்களுக்குக் குழந்தைக்குச் சோப்பு தேவைப்படுவது டயப்பர் பகுதிக்கும் கழுத்து மடிப்புக்கும்தான்.

பருவ வயதில் கணக்கு தலைகீழாகிறது. எண்ணெய்யும் நெடியும் ஒரே நேரத்தில் வந்து சேரும் வயது. தினமும் சோப்பு கட்டாயம் என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம், கேலி செய்யாமல். ஆனால் முகப்பரு அழுக்கால் வருவதில்லை. முரட்டுத்தனமாகத் தேய்த்தால் அது சிவந்து மோசமாகும்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. பிறப்புறுப்பின் வெளிப்புறத்தைத் தண்ணீரோ மென்மையான கழுவுபொருளோ கொண்டு கழுவலாம். உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தன்மையைக் காத்து நோய்த்தொற்றைத் தடுக்கின்றன. சோப்பு அந்தக் காவலைக் கலைத்துவிடும்.

சிலருக்குப் பிறவியிலேயே சுவர் பலவீனம். ஃபிலாக்ரின் என்ற புரதம் செங்கற்களை இறுக்கி, ஈரத்தைப் பிடித்துவைக்க உதவுகிறது. அதற்கான மரபணுவில் உள்ள குறைபாட்டுக்கும் எக்ஸிமாவுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது 2006இல் தெரியவந்தது. இப்படிப்பட்ட குழந்தையைத் தேய்த்துக் குளிப்பாட்டாததால்தான் தோல் இப்படி இருக்கிறது என்று அந்தத் தாயை யாரும் குறைசொல்லாமல் இருந்தால் போதும், அவர் பாதி நிம்மதி அடைவார்.

## சோப்பால் தீராதவை

அரித்தாலோ நாறினாலோ நாம் முதலில் கையில் எடுப்பது சோப்பை. இடுப்பிலும் தொடையிலும் வட்டவட்டமாகப் படரும் படர்தாமரை, விரலிடுக்கில் வெளுத்து வெடிக்கும் சேற்றுப்புண் இரண்டும் பூஞ்சைத் தொற்று. பூஞ்சை செங்கல் வரிசைக்குள் வேர்விட்டு வளர்வதால் மேலே தேய்ப்பது அதைத் தொடுவதில்லை. பூஞ்சைக்கான களிம்பு வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்ன நாள் வரை. ஸ்டீராய்டு கலந்த களிம்பை நாமாக வாங்கிப் போட்டால் அரிப்பு அடங்கின மாதிரி தெரிந்து, பிறகு வேகமாகப் பரவும்.

இரவில் அரிப்பு கூடுகிறது, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சின்னச்சின்னக் கொப்புளங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறது என்றால் அது சிரங்காக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது. குளிக்காதவர்களுக்கு வரும் நோய் என்று பெயர் வாங்கிவிட்டதால் பலர் வெளியே சொல்லக் கூசி, ஒரு நாளைக்கு மூன்று முறை சோப்பு போட்டுக் குளிக்கிறார்கள். வளைக்குள் இருக்கும் பூச்சியைச் சோப்பு எட்டாது. மருத்துவர் தரும் மருந்தை, அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் பூசிக்கொண்டு, துணியையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் துவைக்க வேண்டும்.